சாயங்காலம் சரிந்த இமை

இன்று காலை மீன்காரர் நம் வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் மீன் வாங்கி வெகுநாள் ஆகிறது. ஒருத்திக்காகச் சட்டி வைத்துப் புளி கரைக்க யாருக்கு மனம் வரும்? எதிர் வீட்டுக்காரிக்கு மத்தி நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர் பெட்டியை மூடும்போது ஒரு ஐஸ் துண்டு தரையில் விழுந்தது. அதை எடுத்துக் கழுவி, இடது கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் வைத்தபடி நின்றேன். எனக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எதிர் வீட்டுக்காரி, "இன்னாக்கா, கண்ணு நோவா?" என்றாள். "இல்லடி, சும்மா" என்றேன். மீன் வாடையோடு அந்தச் சில்லிப்பு இமையில் இறங்கியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். அவளுக்கு இதை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

உங்களுக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. திருப்புலிவனத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து ஒரே கூரையின் கீழ் இருந்தோம், எழுத என்ன அவசியம் வந்தது? இப்போது நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மகள் ஓசூரிலிருந்து வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். "சாப்ட்டியாம்மா?" என்பாள். "ஆச்சி" என்பேன். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு கிடைப்பதில்லை. தனியாக இருக்கிறது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், ரொம்பத் தனியாக இருக்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். அதனால் மட்டுமல்ல, இன்று மத்தியானம் ஒரு போன் வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் மற்றதெல்லாம் வரிசையாக வரட்டும்.

உங்கள் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நானும் இல்லை. நீங்கள் ஓட்டிய பள்ளிக்கூட வேனில் வந்த பிள்ளைகள்தான். "டிரைவர் அங்கிள் கண்ணடிச்சிக்கினே ஓட்றாரு" என்று ஏதோ ஒரு பிள்ளை வீட்டில் சொல்ல, அதன் அம்மா நம் வாசலில் வந்து நின்று சண்டை பிடித்தாள். அவள் போனதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கட்டிய பெண்டாட்டியைப் பார்த்து ஒரு நாளும் கண்ணடிக்காத மனுஷன், போயும் போயும் வேன் கண்ணாடியைப் பார்த்தா அடித்தீர்கள் என்று கேலி பண்ணினேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"ஒரு கண்ண மூடிக்கினாதான் ரோடு ஒண்ணா தெரியுது. ரெண்டையும் தொறந்தா ரெண்டு ரோடு தெரியுது" என்றீர்கள்.

"காலையிலயுமா?"

"காலையில ஒரே ரோடுதான்."

அதுதான் எனக்குப் புரியவில்லை. நோய் என்றால் நாள் முழுக்க இருக்கவேண்டும். விடிந்தால் காணாமல் போய், பொழுது சாயச் சாய வந்து உட்காரும் நோயை நான் கேள்விப்பட்டதில்லை. உத்திரமேரூர் கடைத்தெருவில் கண்ணாடிக் கடைக்குப் போனோம். போனது காலை வேளை. கடைசி வரி வரை பொடி எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்துக் காட்டினீர்கள். ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அந்தக் கண்ணாடி வழியாகவும் இரண்டு ரோடுதான் தெரிந்தது.

பிறகு அந்த ஏரிக்கரைச் சாயங்காலம் வந்தது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உங்கள்மேல் பெருமைதான். இரண்டு ரோட்டில் எது நிஜ ரோடு என்று தெரியாமல் போனதும், ஒரு கண்ணை மூடிச் சமாளித்துவிடலாம் என்று நீங்கள் துணியவில்லை. புளியமரத்தடியில் வேனை ஒதுக்கி, சாவியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பெற்றவர்களுக்குப் போன் போட்டு வரச்சொன்னீர்கள். பிள்ளைகள் எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். உங்கள் மானம்தான் போனது.

பைக்கில் வந்து இறங்கியவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்ல ஆரம்பித்தீர்கள். அந்த நேரத்துக்கு உங்கள் பேச்சு மூக்கால் வரும். நாக்கு தடித்துப்போகும். பேசப் பேச அது இன்னும் குழறும். அப்போது யாருக்கு அது தெரியும்? நான் குடிக்கவில்லை, நான் குடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல, சொன்ன வாயே குடிகாரன் வாய்போல ஆகிவிட்டது. இமைகள் வேறு பாதிக் கண்ணுக்கு இறங்கிவிட்டன. ஒரு ஆள் கிட்டே வந்து உங்கள் வாயை முகர்ந்து பார்த்தானாம். வாடை இல்லை. அதற்கு அவன், "இப்பல்லாம் வாசன வராத சரக்கு வந்துக்கீதுபா" என்றானாம். இப்படிச் சொல்கிறவனிடம் எதை வைத்து நிரூபிப்பது? மறுநாள் வேலை போய்விட்டது.

உங்கள் அண்ணன் அடுத்த தெருவிலிருந்து ஓடி வந்தார். அம்மா அப்பா போனபின் உங்களைத் தூக்கி வளர்த்தவர் அவர். வெளியில் என்ன பேசினாலும் உங்களுக்கு ஒன்றென்றால் அவருக்குச் சோறு இறங்காது. முற்றத்தில் உங்களை நிறுத்தி, "வாய ஊதுடா" என்றார். சின்னப் பையன்போல ஊதினீர்கள். முகர்ந்தவர் என் பக்கம் திரும்பி, "குடிக்கிறானாம்மா?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல மாமா."

"சரி" என்றார். அவருடைய சரியில் நூறு தினுசு உண்டு. அது நம்பாத சரி.

குடிப்பேச்சை அதோடு விட்டுவிட்டு இமையைப் பிடித்துக்கொண்டார். "தலைக்கு குளிர்ச்சி எறங்கிக்கீது. உப்பு ஒத்தடம் குட்த்தா பூடும்" என்றார். மறுநாளிலிருந்து மத்தியானம் கழனியிலிருந்து நேராக இங்கே வந்துவிடுவார். வாணலியில் கல்லுப்பைப் பொரிய வறுத்து, பழைய வேட்டித் துணியில் கட்டி, கால் நீட்டி உட்கார்ந்து உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு இமையிலும் ஒற்றி எடுப்பார். ஃபேன் போடக்கூடாது. பழைய சோறு கூடாது, தயிர் கூடாது, உங்களுக்கு உயிரான மோர் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் வெந்நீர்க் குளியல். நானும் சேர்ந்துதான் செய்தேன், இந்தப் பக்கத்தில் கண்ணும் வாயும் இழுத்துக்கொண்டால் எல்லோரும் செய்வது அதுதான்.

ஒத்தடம் ஆனதும் உங்கள் இமை முழுதாக மூடிக்கொள்ளும். கஞ்சியைக் கொடுத்தால் மூக்கு வழியாகத் திரும்பி வரும். பாதிச் சோற்றில் தாடை ஓய்ந்து, மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டு மெல்லுவீர்கள். கழனிக்குப் போய்த் திரும்பி எட்டிப்பார்க்கும் அண்ணனுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. "நான் அந்தாண்ட போறதுக்குள்ள இந்தாண்ட ஊத்திக்கிறான். மத்தியானத்துலயே ஆரம்பிச்சிட்டான். பேஜாரு புடிச்ச பையன்" என்று என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். ஒத்தடம் கொடுத்த அதே கையால்தான் அடித்துக்கொண்டார். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உப்பு சூடு மிஞ்சிப்போய் உங்கள் இடது இமை கன்றிவிட்டது. அண்ணன் போகிற வரையில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள். அவர் போனதும்தான், "எரியிதுடி" என்றீர்கள். தெருவில் மீன்காரர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் ஒரு ஐஸ் துண்டு வாங்கி வந்தேன். சமையல்கட்டுத் தரையில் உங்களைப் படுக்கவைத்து, எரிச்சலுக்காக, எரிச்சலுக்காக மட்டும், இமைமேல் வைத்துப் பிடித்தேன். கொப்புளம் ஏதும் கிளம்புகிறதா என்று பார்க்கத்தான் கையை எடுத்தேன்.

கண் திறந்திருந்தது. பாதி இல்லை, முழுக்க. நம் கல்யாண போட்டோவில் இருக்கிற அதே கண்.

"இன்னாடி அப்டி பாக்குற?" என்றீர்கள்.

"கண்ணு தொறந்துக்கினு கீதுங்க" என்றேன்.

உங்களுக்கே தெரியவில்லை. கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடை ஷட்டர்போல அது மெல்லக் கீழே இறங்கியது. நான் திரும்பவும் மீன்காரர் பின்னால் தெருக்கோடி வரைக்கும் ஓடினேன். "மீனு ஒண்ணும் வாங்கல, ஐஸுக்கு மட்டும் ரெண்டு தபா ஓடியாற. இன்னாம்மா ஆச்சி உனக்கு?" என்றார். இன்னொரு துண்டு வைத்தேன். இன்னொரு முறை திறந்தது. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் சமையல்கட்டில் உட்கார்ந்து பைத்தியம்போலச் சிரித்தோம். எதனால் என்று தெரியாது, ஆனால் எதனால் இல்லை என்று தெரிந்துவிட்டது. குடிகாரன் கண் ஐஸ் வைத்தால் திறக்காது.

பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மாவைப் பார்க்க வரிசையில் நின்று நின்று, உங்கள் முறை வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். காலையில் பார்த்திருந்தால் நீங்கள் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருப்பீர்கள். அவர் உங்களைக் கூரையைப் பார்த்தபடியே இருக்கச் சொன்னார். இமை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொன்னார். போகப் போகக் குரல் மூக்குக்குள் போய்விட்டது. நான் ஐஸ் சங்கதியைச் சொன்னேன். "ஐஸ் வைக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, ஒத்தடம் சுட்டுவிட்டது, அதற்காக வைத்தேன் என்றேன். அவர் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் வரவழைத்துத் தானும் வைத்துப் பார்த்தார். அப்புறம் ரத்தம் எடுத்தார்கள். நரம்பில் சின்னச் சின்ன மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள்.

ரிசல்ட் வந்த அன்று அவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "உங்க நரம்பு நல்லா இருக்கு. தசையும் நல்லா இருக்கு. நரம்பு சொல்றது தசைக்குப் போய்ச் சேரல, அவ்ளோதான்." நரம்பின் நுனியில் ஒரு சத்து சுரக்குமாம். தசையில் அதை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இருக்குமாம். நோயை எதிர்க்கவேண்டிய உடம்பின் காவலே ஆள் தெரியாமல் அந்த இடங்களை அடைத்துக் கெடுத்துவிடுகிறதாம். ஓய்வாக இருந்து எழுந்தால் சத்து நிறைய இருக்கும், மிச்சமிருக்கும் இடங்களே போதும், வேலை நடக்கும். உபயோகிக்க உபயோகிக்க வரத்துக் குறைந்துபோய்த் தசை நின்றுவிடும். அதனால்தான் காலையில் ஒரு ரோடு, சாயங்காலம் இரண்டு. குளிர்ச்சி பட்டால் அந்தச் சத்து சீக்கிரம் அழியாமல் கொஞ்ச நேரம் தங்கும். சூடு பட்டால் நேர்மாறு.

நீங்கள் ஒன்றுதான் கேட்டீர்கள். "அப்ப, பேசப் பேச வாய் கொளறுனதும் இதாலதானா டாக்டர்?"

"ஆமாங்க. எவ்வளவு நேரம் பேசுறீங்களோ அவ்வளவு மோசமாகும்."

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு அழுதீர்கள். ஏரிக்கரையில் நின்று பேசியதெல்லாம் அப்போதுதான் உங்களுக்கே புரிந்தது. பிறகு, "எங்க அண்ணன் கிட்ட போன்ல ஒரு வார்த்த சொல்லுங்க டாக்டர்" என்று கேட்டீர்கள். அவரும் சொன்னார். அண்ணன் ஒவ்வொரு வார்த்தைக்கும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். நாம் ஊர் திரும்புவதற்குள் டீக்கடையில் சொல்லிவிட்டிருந்தார்: "குட்ச்சி குட்ச்சி நரம்பு பூட்ச்சின்னு டாக்டரம்மாவே சொல்ட்டாங்க."

இதற்கு அழுவதா சிரிப்பதா? மாத்திரை ஆரம்பித்ததும் பேச்சு தெளிந்தது, கஞ்சி தொண்டையில் இறங்கியது. "பாத்தியா, வுட்டதும் சரியாய்க்கினு வருது" என்றார்கள் ஊரார். இன்னொரு மாத்திரையால் முகம் உப்பியது. "பாரு, குடிகார மூஞ்சி" என்றார்கள். உண்மை எதைக் காட்டினாலும் அவர்கள் கணக்குக்கே போய்ச் சேர்ந்தது.

ஐஸ் விஷயத்தை அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன், அவரே கையால் வைத்துப் பார்க்கட்டும் என்று நான் துடித்தேன். நீங்கள் விடவில்லை. "ஐஸ் நல்லதுன்னா, உப்பு கெட்டதுன்னு ஆவும். எனக்குன்னு கழனிய வுட்டுட்டு வந்து ஒத்தடம் குட்த்த மனுஷன். சூட்டால மோசமாச்சின்னு தெரிஞ்சா ஒடஞ்சி பூடுவாரு. சொல்லாத" என்றீர்கள்.

"அதுக்கு நீங்க குடிகாரனா இருக்கணுமா?"

"நீ நம்பற இல்ல. போதும்."

உங்களுக்குப் போதும். எனக்குப் போதவில்லை என்பதை நீங்கள் கேட்கவே இல்லை.

வேன் ஓட்டுவது அத்தோடு முடிந்தது. ஆனாலும் அந்த வருஷங்கள் நமக்கு நன்றாகத்தான் இருந்தன. உங்களுக்குப் பேச்சு காலையில்தான் தெளிவாக வரும் என்பதால் நம் வீட்டில் எல்லாப் பேச்சும் விடிகாலைக்கு மாறியது. அடுப்படியில் நான் காய் நறுக்க, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை, மகள் கதை, வராத மழை எல்லாம் பேசித் தீர்ப்பீர்கள். சாயங்காலம் நான் பேசுவேன், நீங்கள் ஆமாம் இல்லைக்கு விரல் காட்டுவீர்கள். ஒரு வாய் விடாமல் பேசிக்கொண்டிருக்க, எதிர்ப்பேச்சே இல்லாத சாயங்காலம் எந்தப் பெண்டாட்டிக்குக் கிடைக்கும் என்று நான் சீண்டினால், ஒரு விரலை ஆட்டி எச்சரிப்பீர்கள். மறுநாள் காலையில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் வரும்.

போன ஐப்பசி அடைமழையில் சளி பிடித்தது. சளி நெஞ்சுக்கு இறங்கியது. இமையையும் நாக்கையும் ஓயவைத்தது மூச்சு இழுக்கும் தசையையும் ஓயவைக்கும் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். சீக்கிரமே கொண்டுபோனோம். மெஷின் வைத்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. இதற்குமேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

பதினாறாம் நாள் படையல். இலை போட்டு, வடை பாயசம் எல்லாம் பரிமாறி, பங்காளிகள் கூடியிருந்தார்கள். அண்ணன் இடுப்பிலிருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்து உங்கள் இலை ஓரத்தில் வைத்தார். வைக்கும்போது அழுதார். "ஆசப்பட்டத தின்னுட்டு குட்ச்சிட்டு போவட்டும். செத்தவன் மேல இன்னா கோவம்" என்றார். உங்களை மன்னித்துவிட்டாராம்.

நான் அந்தப் பாட்டிலை எடுத்தேன். எடுத்துக்கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். வேனை ஏன் நிறுத்தினீர்கள், வாய் ஏன் குழறியது, ஐஸ் வைத்ததும் கண் எப்படித் திறந்தது எல்லாம். உப்பு ஒத்தடத்தையும் சொன்னேன். நீங்கள் சொல்லாதே என்றதை, உங்கள் இலைக்கு முன்னால் நின்றே சொன்னேன். உங்கள் பெயருக்கு அப்புறம்தான் எனக்கு உங்கள் அண்ணன் மனசு. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

அண்ணன் தன் இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சாப்பிடாமல் எழுந்து போனார். அதற்கப்புறம் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. வாரத்துக்கு நாலு தரம் செருப்புச் சத்தத்தோடு வந்துபோன ஆள். எதிரில் பார்த்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவார். உடைந்து போவார் என்று நீங்கள் சொன்னது சரிதான். உங்களைச் சின்ன வயசிலிருந்து தெரிந்த மனுஷர் என்று எனக்கு மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான், அவரும் இல்லாமல் இந்த வருஷத்தைத் தள்ளினேன். இன்னமும் விடிகாலையில் எழுந்து காய் நறுக்குகிறேன், பேச்சு வாய் வரைக்கும் வருகிறது. பஸ்ஸில் யார் கண் கொஞ்சம் சரிந்திருந்தாலும் அவர்கள் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்க முடிவதில்லை. தூக்கமா, இதுவா என்று பார்க்கிறேன். குடிகாரன் என்று யாரையாவது யாராவது சொன்னால், காலையில் எப்படி இருப்பார் என்று கேட்டுவிடுகிறேன். என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

இன்று மத்தியானம் போன் அடித்தது. அண்ணன்.

"தெவசம் வருதே. நான் வரலாமாம்மா?" என்றார்.

"உங்க தம்பி வூட்டுக்கு வர என்னைய கேக்கணுமா மாமா?"

அப்புறம், "எலையாண்ட அவனுக்கு குடிக்க இன்னா வெக்கட்டும்?" என்று கேட்டார்.

"மோர் வைங்க மாமா" என்றேன்.

அவர் போனை வைக்காமல் இன்னொன்றும் கேட்டார்:

"ஜில்லுன்னு வெக்கட்டுமா?"

"ஜில்லுன்னே வைங்க" என்றேன்.

போனை வைத்ததும், என்னங்க, உங்க அண்ணன் இன்னா கேட்டாரு தெரியுமா என்று சொல்லிக்கொண்டே அடுப்படிப் பக்கம் திரும்பிவிட்டேன்.